பயிற்சி முகாமுக்குப் போன தாம்பூலத் தட்டு

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும், பிறகு உத்திரமேரூருக்கு நடந்து போய்ப் பத்தாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் உறவுக்காரர்களுக்குப் போட்ட கார்டுகள்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசவே எனக்குக் கூச்சம். படித்தவர்கள் உட்கார்ந்து எழுதுகிற இடத்தில் நானும் ஒரு ஓரமாக வந்து உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் என் மகள் கல்லூரியில் மாணவர் படையில் சேர்ந்தாள். பட்டாளத்துக்காரர்கள் வந்து சொல்லிக் கொடுக்கிறார்களாம். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவதும், பூட்சைத் துடைப்பதும், கண்ணாடி முன்னால் தொப்பியைச் சரி செய்வதுமாக வீடே அமர்க்களப்படுகிறது. முகாமுக்குப் போக வேண்டும், அனுப்புவாயா என்று கேட்டாள். அனுப்புகிறேன் என்றேன். யோசிக்காமல் சொன்னது அவளுக்கு ஆச்சரியம். முகாம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா என்று சிரித்தாள். தெரியும், ஒரு நாள் போயிருக்கிறேன் என்றேன். எதற்குப் போனாய், யாரோடு போனாய் என்று விடாமல் கேட்டாள். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. என் தாய்மாமாவின் மகனுக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று நான் தொட்டிலில் கிடக்கும்போதே பேச்சு. மாமாவின் ஊர் எங்களுக்கு அடுத்த ஊர். நடுவில் ஒரு ஏரிதான் இருந்தது. எங்கள் வகையறாவில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் மாமா மகன். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். முறைப் பையன் என்பதால் நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். இங்கேயும் 'அவர்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த உடனே அவர் மாணவர் படையில் சேர்ந்துவிட்டார். மூன்றாம் வருஷம் அண்டர் ஆபீசர் ஆனார். மாணவர்களுக்குள்ளேயே மேலாளாக ஒருவரை வைப்பார்களாம், அதற்கு அந்தப் பெயர். லீவுக்கு ஊருக்கு வந்தால் பொழுது விடியும்போதே ஏரிக்கரைமேல் ஓடுவார். சும்மா ஓடமாட்டார். முதுகில் ஒரு கித்தான் பை, அதற்குள் செங்கல். வயிற்றால் ஊர்ந்து களத்தைக் கடப்பார். முழங்கையெல்லாம் தேய்ந்து ரத்தம் கட்டியிருக்கும்.

ஊரில் சும்மா விடுவார்களா? எவன் பொண்ணையோ தூக்கிக்கினு ஓடறதுக்குப் பழகறான் என்று கழனிக்குப் போகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். மாமாவுக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியே ஏச்சு. நெல்லு மூட்டையைத் தூக்குடான்னா இடுப்பு வலிக்குதுங்கறான், செங்கல்லத் தூக்கிக்கினு ஊரைச் சுத்தறான் என்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். மாமாவைப் பொறுத்தவரை மாணவர் படை என்பது கணக்கு, இங்கிலீஷ் மாதிரி இன்னொரு பாடம். அதில் நிறைய மார்க் வாங்கினால் டிகிரி சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. ஏரி நிறைந்து கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஓடியது. மாமா வீட்டில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டி நின்றது. தை அறுப்பு முடிந்த கையோடு கல்யாணம் என்று முடிவானது. அவருக்குக் கடைசிப் பரீட்சை சித்திரையில்தான். கட்டிக்கினு போயிப் பரீட்சை எழுதட்டுமே, யார் வாணாங்கறாங்க என்றார் மாமா. அவரிடம் கேட்டார்களா என்றால், கேட்டார்களோ என்னவோ. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை. என்னிடம் கேட்காதது எனக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

கார்த்திகை பாதியில் அவர்களுடைய முகாம் திருமுக்கூடலில் போட்டார்கள். மூன்று ஆறு சேருகிற இடம். பல கல்லூரிகளிலிருந்து பையன்கள் வந்து ஆற்றங்கரைத் தோப்பில் கூடாரம் அடித்திருக்கிறார்கள் என்று பால் கொண்டுபோகிறவர்கள் சொன்னார்கள். காலையில் ஊதுகொம்பு சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கிறதாம்.

முகாம் போட்ட நாலைந்து நாள் கழித்து நாங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தோம். பம்புசெட்டுக்கு அந்தப் பக்கம் வரப்பில் ஏழெட்டுப் பேர் வரிசையாக வந்தார்கள். முகத்தில் கரி பூசியிருந்தார்கள். தொப்பியில் வேப்பிலைக் கொத்து. களை வெட்டிய பெண்களில் ஒருத்தி திருட்டுக் கும்பல் என்று பயந்து எழுந்துவிட்டாள். முன்னால் வந்தவர் கையில் மடித்த வரைபடமும், கடிகாரம் மாதிரி ஒன்றும் இருந்தன. அவர்தான். நடையை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, கரியில் முகம் தெரியவில்லை.

அம்மாவும் கண்டுபிடித்துவிட்டாள். டேய் கண்ணு, வாடா, கூழு கீது குடிச்சிட்டுப் போ என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தார், தூரத்தில் தெரிகிற பனைமரத்தைப் பார்த்தார், கையைக் காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நடந்தார்கள். சொந்த அத்தை கூப்பிடறேன், தெரியாத மாதிரி போறான் பாரு என்று அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வழியில் ஊர் ஜனங்களிடம் பேசக்கூடாது, வழி கேட்கக்கூடாது, யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, வரைபடத்தை மட்டும் வைத்துத் திருமுக்கூடலிலிருந்து கிளம்பி உத்திரமேரூர் வந்து திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குப் பரீட்சை என்று பிறகுதான் தெரிந்தது. அத்தனை வருஷமாக மாட்டை ஓட்டிக்கொண்டு போன வரப்பில் அவர் புது ஆள் மாதிரி திசை பார்த்து நின்றது என் கண்ணிலேயே இருந்தது. அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை. இது மார்க்குக்காகச் செய்கிற காரியம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே லேசாகப் பட்டது.

இனி தாம்பூலத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு முடிந்ததும், பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே, பையன் யார் பொறுப்பில் இருக்கிறானோ அந்தப் பெரியவருக்கு முதல் தாம்பூலம் வைக்க வேண்டும். பண்ணையில் வேலை செய்தால் பண்ணைக்காரருக்கு, கடையில் இருந்தால் முதலாளிக்கு. அவர் தட்டை வாங்கிக்கொண்டால் கல்யாணத்துக்கு அவரும் ஜவாப்தாரி. கொடுக்கிறவர் கை விட்டு, வாங்குகிறவர் கைக்குப் போய்விட்டால் அந்தத் தேதியை மாற்றக் கூடாது. மாற்றினால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது என்பார்கள்.

மாமா யோசித்துப் பார்த்திருக்கிறார். பையனுக்குச் சட்டை கொடுத்து, பூட்ஸ் கொடுத்து, சோறு போட்டு, கையில் துப்பாக்கியும் கொடுத்து வைத்திருக்கிறவர் முகாமின் பெரிய அதிகாரி. அப்படியானால் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். தையில் லீவு கொடுக்க வேண்டியவரும் அவர்தான் என்று மாமா நினைத்தார். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது. முகாம் கலையும்போது மார்கழி வந்துவிடும். கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் வீட்டு ஜனங்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே போய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மாமாவின் வீட்டுக்காரி, என் அத்தைக்கு முழங்கால் வலி, வண்டியில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. அதனால் மாமா, நைனா, அம்மா மூன்று பேரும் கிளம்பினார்கள். நைனா என்றால் என் அப்பா. தட்டை ஒரு கன்னிப்பெண் ஏந்திக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா சொன்னாள். வேறு பெண் கிடைக்கவில்லை. கல்யாணப் பொண்ணே தட்டத் தூக்கிக்கினு போறதா, நல்லா இல்ல என்று நைனா முகத்தைச் சுளித்தார். மாமாதான் சிரித்துக்கொண்டு, நம்ம வூட்டுப் பொண்ணு, நம்ம தட்டு, எவன் இன்னா சொல்லப் போறான் என்றார். பொழுது விடிய வண்டி கட்டினோம்.

திருமுக்கூடல் போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தோப்பு பூராவும் பச்சைக் கூடாரங்கள். நடைபாதை இரண்டு பக்கமும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து நேர்கோடாக வைத்திருந்தார்கள். கூடாரத்து வாசலில் மடித்த கம்பளிகூட ஒரே அளவு. எங்கள் வீட்டில் பாயைச் சுருட்டி மூலையில் சாய்ப்பதோடு சரி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, இவன் உன்னோட எப்படிக் குடித்தனம் பண்ணுவான் என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி.

வந்த ஜனங்களுக்காகப் பையன்கள் செய்து காட்டினார்கள். மூங்கில் கழியையும் கம்பளியையும் வைத்துத் தூளி மாதிரி கட்டி, காலில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழியில் இறங்கி மறைந்தார்கள். ஆற்றில்தான் பெரிய வேடிக்கை. செய்யாற்றில் தண்ணீர் மார்பளவுக்குமேல் இழுத்துக்கொண்டு ஓடியது. இந்தக் கரை மருதமரத்திலிருந்து அந்தக் கரை மரத்துக்கு ஒற்றை வடக்கயிறு கட்டியிருந்தார்கள். அதன்மேல் குப்புறப் படுத்து, ஒரு காலைக் கயிற்றில் மாட்டி, மற்றதைத் தொங்கவிட்டு, கையால் இழுத்து இழுத்துப் போக வேண்டும். நடுவில் வேண்டுமென்றே உருண்டு கீழே தொங்கி, மறுபடி ஏறிப் படுக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

கயிற்றடியில் ஓர் அவில்தார் நின்றார். வேலூர்ப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு பையன்களை வாட்டி எடுத்தார். ஒரு குண்டுப் பையன் பயந்து கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்தான். "இன்னா காலேஜு, கயிறு உன் பொண்டாட்டியா? கட்டிப் புடிச்சிக்கினு தூங்கற. உடு, இழு, போ." கரையில் இருந்த ஜனங்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பையனின் அம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெரிய அதிகாரி ஒரு துணிப் பந்தலின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. மாமாவும் நைனாவும் அவரைப் பார்க்கிற வழி விசாரிக்கப் போனார்கள். அம்மா காலைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று தண்ணீர்ப் பக்கம் இறங்கினாள். நான் சாப்பாட்டுக் கூடையோடும் தட்டோடும் ஒரு புங்கமரத்தடியில் இருந்தேன்.

அப்போது அவர் வந்தார். ஈரச் சட்டை, இளைத்துப் போன முகம், உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அம்மாவைத்தான், அத்தை எங்கே என்று கேட்டார். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். பட்டுத்துணி போட்டு மூடியிருந்த தட்டைப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். உங்க ஆபீசருக்குத் தாம்பூலம் வைக்க மாமா கொண்டாந்தாரு என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அதுதான் நான் அவரோடு பேசிய முதல் முழுப் பேச்சு.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கல்யாணம் ஆனவன எடுக்க மாட்டாங்க."

"எதுக்கு?"

"பட்டாளத்துக்கு. ஆபீசரா. பரீட்சை எழுதினவொடனே டிரெய்னிங் போவணும். அது முடியற வரைக்கும் கட்டிக்கக் கூடாது. இந்த முகாம்ல ரெண்டு பேரு பேரத்தான் அனுப்பப் போறாரு. இன்னைக்கி சாய்ந்தரம் முடிவு பண்றாரு. தையில எனக்குக் கல்யாணம்னு தெரிஞ்சா எம் பேரு போவாது."

மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பட்டாளம் என்று சொன்னாலே அவருடைய அம்மா மாரில் அடித்துக்கொள்ளும், பேர் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். தை மாசம் என்று தேதி வைத்ததே அவருக்கு முகாமுக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் தெரியுமாம்.

"எத்தினி நாளு ஆவும்?"

"ரெண்டு வருசம். மூணுகூட ஆவலாம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "உன்ன வாணாம்னு நான் சொல்லல."

விசில் ஊதினார்கள். அண்டர் ஆபீசர் கடைசியாகக் கயிற்றில் போய்க் காட்ட வேண்டும். அவர் எழுந்தார். ஆற்றைத் தாண்டிவிட்டு வந்து அப்பாவிடம் நானே பேசுகிறேன், அதுவரைக்கும் தட்டை எடுக்க வேண்டாம் என்று சொல், என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நான் யாரிடம் சொல்வது? அம்மா வந்ததும், அவரு வந்தப்புறம் போலாமாம்மா என்றேன். சூரியனைப் பார்த்தாள். ராகு காலம் வந்துடும், அதுக்கு முன்ன குடுக்கணும் என்றாள். நைனா அதற்குள் கையசைத்துக் கூப்பிட்டார். மாமா பந்தலுக்குப் பக்கத்தில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் நடந்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு சீப்புப் பழம், கதம்பம். தூக்க முடியாத கனம் ஒன்றும் இல்லை.

நடக்கும்போது யோசித்தேன். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்றால் எனக்கு இருபத்தொன்று. தேதி வைத்த கல்யாணம் நின்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை எங்கள் ஊரில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நைனா அவ்வளவு நாள் வைத்திருக்க மாட்டார். மாமாவாக நிறுத்தினால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் பிறகு முகம் பார்க்கிற உறவு இருக்காது. அவராக நிறுத்தினாலும் அதேதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அவர்கள். இதெல்லாம் அந்தப் பத்து இருபது தப்படிக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

மாமா மொழிபெயர்க்க ஆள் வருகிறவரை காத்திருக்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் தமிழிலேயே சொல்ல ஆரம்பித்தார். ஐயாதான் பெரியவரா இருந்து நடத்திக் குடுக்கணும் என்றார். அதிகாரி ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர். தட்டைப் பார்த்துத் தொப்பியைச் சரி செய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

ஆற்றில் அவர் பாதி தூரம் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் உருண்டு கீழே தொங்கினார். தொங்கினவர் ஏறவில்லை. தலை எங்கள் பக்கம் இருந்தது. பார்க்கிறார் என்று தெரிந்தது. "இன்னா அண்டர் ஆபீசரு, காய வெச்ச துணியா நீ? ஏறு" என்று அவில்தார் கத்தினார். அவர் தொங்கிக்கொண்டே இருந்தார். அதிகாரியின் கை தட்டின்மேல் பட்டுவிட்டது. அதிகாரி லேசாக இழுத்தார். நான் விடவில்லை.

வெட்கக்கேடு என்று நைனா பல்லைக் கடித்தது கேட்டது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், பயப்படுகிறேன் என்று நினைத்து.

"குடும்மா."

"வாணாம் மாமா."

"இன்னா வாணாம்?"

"கல்யாணம் வாணாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்குக் கேட்டது, நைனாவுக்கும் அம்மாவுக்கும் கேட்டது. அதிகாரி இன்னும் தட்டைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவில்தாரைக் கூப்பிட்டார். அவில்தார் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார். இன்னா சமாச்சாரம் என்று மாமாவைக் கேட்டார். மாமா, எம் புள்ளைக்கு என்று ஆரம்பித்து, வாய் வராமல் நின்றுவிட்டார். அவில்தார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி ஆற்றைப் பார்த்தார். பிறகு விறைப்பாக நின்று இந்தியில் ஏதோ சொன்னார். அதிகாரி சிரித்து, தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டு எங்களைக் கும்பிட்டார். தட்டு என் கையிலேயே இருந்தது.

"பெருமா கோயிலு பிரசாதம்னு சொல்லிட்டேன். தட்ட எடுத்துக்கினு போயிடும்மா" என்றார் அவில்தார், உதடு அசையாமல். அவருக்கு எவ்வளவு புரிந்தது, எதை வைத்துப் புரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரையில் ஜனங்கள் கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு காலை வீசிக் கயிற்றின்மேல் ஏறியிருந்தார். மீதித் தூரத்தை நிற்காமல் இழுத்துப் போய் அந்தக் கரையில் இறங்கினார்.

நாங்கள் வண்டியடிக்கு வந்துவிட்டோம். கொண்டுபோன சோறு கூடையிலேயே இருந்தது. நைனா மாட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது அவர் ஓடிவந்தார். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. அப்பா என்றார். மாமா அவர் தோளைத் தட்டினார்.

"நீ போ. உன்மேல ஒண்ணும் இல்ல. பொண்ணுக்கு இஷ்டமில்லையாம்."

அவர் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது. சொன்னால் மாமா அந்த நிமிஷமே திரும்பிப் போய் அதிகாரியிடம் முறையிடுவார், இந்த ஒரு பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று காலில்கூட விழுவார். மாமா அப்படிப்பட்டவர்தான். அன்று சாயங்காலம்தான் இரண்டு பேர் பெயரை முடிவு செய்யப் போகிறார்கள். நான் அவரை நேராகப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவர் அப்படியே நின்றார். தோப்புக்குள் விசில் ஊதினார்கள். போனார்.

வண்டியில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நைனா மாட்டை அடித்த அடி எனக்கு விழ வேண்டிய அடி. மாமா இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, எம் பையன் மேல எதனா தப்பாக் கேள்விப்பட்டியாம்மா என்று கேட்டார். இல்ல மாமா என்றேன். பின்ன இன்னா என்றார். நான் தட்டின்மேல் பட்டுத்துணியை இழுத்து மூடினேன். மாமா அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை ஏசாதது மாமா ஒருவர்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் பெயரை அனுப்பினார்கள். பொங்கல் கழித்து அவரே மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவிடம் பேசினார், இரண்டு வருஷம் பொறுக்க முடியுமா என்று. பொண்ணு பத்துப் பேர் எதிர்ல வாணாம்னு சொன்னப்புறம் இன்னா பேச்சு என்று நைனா முடித்துவிட்டார். அந்த ஆவணியில் என்னை மானாம்பதிக்குக் கொடுத்தார்கள். நல்ல மனிதருக்குத்தான் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அவரை ஆபீசர் பரீட்சைக்கு வடக்கே கூப்பிட்டார்கள். நாலைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடி போனார், மறுபடி அனுப்பிவிட்டார்கள். அதோடு வயசு தாண்டிவிட்டது என்று சொன்னார்கள். இப்போது ஒரு அரசாங்க ஆபீசில் இருக்கிறார். கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பார். சௌக்கியம் என்பேன். வீணாப் போச்சே என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பார்த்து அவரை வேண்டாம் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுத் தட்டால் அவர் போகாமல் நிற்கவில்லை. என் மகளுக்குச் சொல்ல நினைத்தது அவ்வளவுதான்.

முகாமுக்குப் போய் வந்த மறுநாள் திங்கட்கிழமை. நெல் வயலில் களை எடுக்க ஊர்ப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், நானும் அவர்களோடு இறங்கினேன். நைனா வரப்பில் நின்று தண்ணீர் கட்டினார், நான் நின்ற பக்கம் வரவில்லை. மத்தியானம் தூறல் போட்டதால் சீக்கிரமே கரை ஏறிவிட்டோம்.